முள் ஆடிய ஞாயிற்றுக்கிழமை

வேல்ராஜ் அண்ணாச்சி அன்று இரவு ரயிலில் சென்னைக்குப் போய், அங்கிருந்து புனேயில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போவதாக இருந்தது. திரும்பி வர மூன்று மாதம் ஆகும். விமானம் ஓட்ட எனக்குள்ள மருத்துவச் சான்றோ அந்த மாதக் கடைசியோடு முடிகிறது. சர்க்கரை இருக்கிற இருப்புக்கு அடுத்த தடவை தன்னால் சான்று தர முடியாது என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். ஆகவே நான் கட்டிய விமானத்தை நானே ஓட்டிப் பார்க்கவேண்டுமானால், அந்த ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்வதற்குள் அண்ணாச்சியின் கையெழுத்து வேண்டும்.

வரிசையாகச் சொல்கிறேன்.

விமானம் சிறியது. இரண்டு பேர் உட்காரலாம். அலுமினியத் தகடு, தாழ்ந்த இறக்கை, மூக்கில் ஓர் எஞ்சின். பாகம் பாகமாக மரப்பெட்டியில் கப்பலேறி வந்தது. நான் வேலை பார்க்கும் தூத்துக்குடித் துறைமுகத்திலேயே வந்து இறங்கியது. கிரேனில் இருந்த பையன் என்னுடைய பராமரிப்புப் பிரிவைச் சேர்ந்தவன். முட்டைக் கூடையை இறக்குவது போல இறக்கித் தந்தான். முத்தையாபுரம் தாண்டி, உப்பளங்களுக்கு நடுவே உப்பு மூட்டை அடுக்கும் பழைய கிட்டங்கி ஒன்றை வாடகைக்குப் பிடித்து, நான்கு வருடமாக அதில் கட்டினோம். நாங்கள் என்றால் நானும் என் மைத்துனன் ரெனிஷும். அவன் விசைப்படகுகளுக்கு மின்வேலை செய்கிறவன்.

"கப்பலும் படகுமா கெடக்குத ஊர்ல இருந்துக்கிட்டு விமானம் கட்டுதிய அத்தான். மீன் மார்க்கெட்டுக்கு எதுத்தாப்ல குடியிருந்துட்டு முட்டைக்கொழம்பு வைக்குத மாதிரி" என்று முதல் நாளே சொன்னான். சொல்லிவிட்டு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டான்.

வேல்ராஜ் அண்ணாச்சி சாத்தான்குளத்துக்காரர். விமானப்படையில் எஞ்சின் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். இதைப் போன்ற விமானங்களைச் சோதித்துக் கையெழுத்துப் போட உரிமை உள்ளவர். ஒவ்வொரு கட்டத்திலும் வந்து பார்த்திருந்தார். கடைசியாக மிச்சமிருந்தது அரை மணி நேர எஞ்சின் ஓட்டம். அது தேறினால் விமானத்தை லாரியில் ஏற்றி ஓடுதளத்துக்குக் கொண்டுபோகலாம்.

அந்த ஓட்டத்தில் அவர் முக்கியமாகப் பார்ப்பது பெட்ரோல் அழுத்தத்தை. எங்கள் விமானத்தில் பெட்ரோல் இறக்கைகளுக்குள் இருக்கிறது. எஞ்சின் அதைவிட உயரத்தில் இருக்கிறது. பம்ப் மேலே தள்ளினால்தான் எஞ்சினுக்குச் சாப்பாடு. சரியாகத் தள்ளுகிறதா என்று பறக்கிறவனுக்குச் சொல்வது முன்பலகையில் இருக்கும் ஒரு சின்ன வட்டமும் அதன் முள்ளும்தான். பைக் டயருக்கு முப்பது பவுண்டு காற்று அடிக்கிறோம். இங்கே ஐந்து பவுண்டு இருந்தால் தாராளம். இரண்டுக்குக் கீழே போனால் இறங்குவதற்கு வெறும் பொட்டல் தேடவேண்டியதுதான்.

முள்ளுக்குச் செய்தி அனுப்புவது ஒரு சென்சார். கட்டைவிரல் பருமனில் பித்தளை உருளை. அதை எஞ்சினிலேயே திருகிவிடலாம், படகு எஞ்சின்களில் அப்படித்தான் இருக்கிறது என்று ரெனிஷ் சொன்னான். ஆனால் விமான எஞ்சினின் அதிர்வில் அந்தப் பித்தளைக் கழுத்து நாளடைவில் விண்டுபோகும். விண்டால் சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் பீச்சும். ஆகவே எஞ்சினுக்கும் எங்கள் கால்களுக்கும் நடுவிலிருக்கும் இரும்புத் தகட்டுச் சுவரில் சென்சாரைக் கிளாம்ப் போட்டு இறுக்குவது, எஞ்சினிலிருந்து ஒரு மெல்லிய குழாயை மட்டும் அதற்குக் கொண்டுவருவது என்று முடிவாயிற்று. குழாயின் எஞ்சின் முனையில் ஊசித்துளை மட்டும் உள்ள ஒரு மூட்டு. குழாயே அறுந்தாலும் பெட்ரோல் சொட்டுமே தவிரக் கொட்டாது.

சென்சாருக்கு ஒரே ஒரு வயர். மின்சாரம் அந்த வயர் வழியாக வந்து, சென்சாரின் உடம்பு, கிளாம்ப், தகட்டுச் சுவர் என்று தொட்டுத் தொட்டுத் திரும்பிப் போகவேண்டும். அதனால் கிளாம்ப் உட்காரும் இடத்தில் பெயிண்ட் இருக்கக் கூடாது. சனிக்கிழமை மதியம் அந்த இடத்தைப் பத்து ரூபாய் நாணயத்தின் அகலத்துக்கு உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கினேன். தகட்டின் மேல் பூசியிருந்த துத்தநாகமும் சேர்ந்து போகும்படி நன்றாகவே தேய்த்தேன். பிறகு அண்ணாச்சியைக் கூட்டிவரச் சாத்தான்குளம் கிளம்பினேன். ஞாயிறு விடிந்ததும் ரெனிஷ் போய்ச் சென்சாரை மாட்டிவிடுவது என்று ஏற்பாடு. அவனும் மாட்டிவிட்டுத்தான் சர்ச் ஆராதனைக்கு வந்தான். சட்டைக் கையில் கிரீஸ் இருந்தது. என் மனைவி ஜெயஷீலா பாட்டுக்கு நடுவில் அதைப் பார்த்துவிட்டு அவனை முறைத்துக்கொண்டே பாடினாள். ரெனிஷ் அவளுக்குக் கடைக்குட்டித் தம்பி.

ஆராதனை முடிந்து ஆண்கள் மூவரும் கிட்டங்கிக்குப் போனோம். ஜெயஷீலா ஞாயிறு பள்ளி நடத்திவிட்டு மதியச் சாப்பாட்டோடு வருவதாகச் சொன்னாள்.

உப்பளத்தில் ஆள் இல்லை. வாலைக் காங்கிரீட் தூணில் படகுக் கயிறு போட்டுக் கட்டினோம். சக்கரங்களுக்குக் கட்டை வைத்தோம். அண்ணாச்சி நீளக் கைப்பிடி வைத்த தன் சின்னக் கண்ணாடியை எடுத்து, பல் டாக்டர் மாதிரி எஞ்சினின் சந்து பொந்தெல்லாம் பார்த்தார். பார்க்கிறபோது பேசமாட்டார். ரெனிஷ் ஏதாவது கேட்டால் "ம்" என்பார், அவ்வளவுதான்.

மின்பம்பை மட்டும் போட்டேன். முள் எழுந்து ஐந்தில் நின்றது. அசையவில்லை.

"நல்லது. எஞ்சினப் போடு தம்பி."

எஞ்சின் பிடித்தது. முள் ஆட ஆரம்பித்தது. ஐந்துக்கும் பூஜ்யத்துக்கும் நடுவில், அம்மன் கோயில் கொடைவிழாவில் சாமி வந்தவர் மாதிரி ஆடியது. வேகத்தைக் கூட்டினால் கூட ஆடியது. குறைத்தால் கொஞ்சம் நின்று யோசித்துவிட்டு ஆடியது. அண்ணாச்சி வெளியே நின்று கழுத்தை அறுப்பது போல விரலைக் காட்டினார். அணைத்தேன்.

"குழாய்க்குள்ள காத்து நிக்கி" என்றான் ரெனிஷ். காற்றை எடுத்தோம். மறுபடி ஓட்டினோம். ஆடியது.

"பில்டர்ல தூசி" என்றேன் நான். பில்டரைக் கழற்றினோம். புத்தம் புதுசாக இருந்தது. இருந்தாலும் வேறு போட்டோம். ஆடியது.

"பம்ப மாத்திப் பாப்பமா?" என்றான் ரெனிஷ்.

"எங்கலே இருக்கு வேற பம்பு? நீ வேலை பாக்குத படகுல இருந்து கழட்டிட்டு வாரியா?"

"கழட்டலாம். விமானம் அப்புறம் ஐஸ்பெட்டியோடதான் பறக்கும்."

அண்ணாச்சி சிரிக்கவில்லை. உப்புக் குவியல் பக்கம் போய்க் கொஞ்சநேரம் நின்றுவிட்டு வந்தார். மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது.

"தம்பி, எஞ்சின் சத்தத்தக் கேட்டியா?"

"கேட்டேன் அண்ணாச்சி."

"பெட்ரோல் அந்த ஆட்டம் ஆடினா எஞ்சின் இருமணும். இருமல. ஒரே சீரா ஓடுது. அப்போ பெட்ரோல் சரியா வருது. முள்ளுதான் பொய் சொல்லுது."

ரெனிஷிடம் ஒரு துண்டு வயர் வாங்கி, ஒரு முனையைச் சென்சாரின் உடம்பிலும் மறு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் கவ்வவிட்டார். "இப்பப் போடு" என்றார். போட்டேன். முள் ஐந்துக்கு ஏறி, ஆணி அடித்தது போல நின்றது.

அணைத்துவிட்டு இறங்கி வந்தேன். அண்ணாச்சி கண்ணாடியைக் கிளாம்புக்கு அடியில் நீட்டியிருந்தார்.

"இங்க பெயிண்ட் இருக்கே."

"இருக்காது அண்ணாச்சி. நேத்து என் கையால தேய்ச்சேன்."

"நீயே வந்து பாரு."

பார்த்தேன். சுவரில் மற்ற இடமெல்லாம் என்ன சாம்பல் நிறமோ, அதே நிறம்.

"ஏலே ரெனிஷ், மாட்டும்போது பாக்கலையா?"

"எங்க பாக்க? அந்தச் சந்துல கைதான் போவும், தலை போவாது. தடவி மாட்டினேன். வழவழன்னு இருந்துச்சு. அத்தான் நல்லாத் தேய்ச்சிருக்காவன்னு நெனச்சேன்."

ஜெயஷீலா அப்போதுதான் வந்து, ஸ்கூட்டரிலிருந்து சாப்பாட்டு அடுக்கை எடுத்துக்கொண்டிருந்தாள். "எந்த இடம்? டார்ச் அடிச்சப்போ உள்ள பளபளன்னு இருந்துச்சே, அந்த இடமா?" என்று கேட்டாள். "அதுக்கு நாந்தான் பெயிண்ட் அடிச்சேன். நேத்து சாயங்காலம்."

ரெனிஷ் திரும்பி நின்றுகொண்டான். அவன் முதுகு குலுங்கியது.

இங்கே அவளைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். ஜெயஷீலா நாசரேத்தில் பிறந்தவள். அங்கே ஜன்னல் கம்பி போட்டால் பேரன் காலம் வரை கிடக்கும். கல்யாணமாகித் தூத்துக்குடிக்கு வந்த ஒரு வருடத்துக்குள் அவள் சீதனமாகக் கொண்டுவந்த மின்விசிறியின் இறக்கை துருப்பிடித்துப் பொரிந்துபோனது. அன்றைக்குத் தொடங்கிய சண்டை. சாம்பல் நிறப் பிரைமர் டப்பா ஒன்றும் அரை அங்குலப் பிரஷ் ஒன்றும் எப்போதும் வைத்திருப்பாள். சனிக்கிழமை சாயங்காலமானால் கேட், கிரில், மாடிப்படிக் கைப்பிடி, தண்ணீர்த்தொட்டி மூடி என்று ஒரு சுற்று வருவாள். எங்கே பொட்டு இரும்பு கண்ணில் பட்டாலும் அதற்கு மேல் ஒரு தீற்று. கிட்டங்கியும் நாளடைவில் அந்தச் சுற்றில் சேர்ந்துவிட்டது. சேர்த்தவன் நான். இந்த விமானத்தில் ஒரு விரல்கடை உலோகம்கூட ராத்திரி வெறுமனே கிடக்கக் கூடாது என்று அவளிடம் சொல்லி, அந்த வேலையை ஒப்படைத்தவனும் நானே.

"ரெண்டு கோட்டா அக்கா?" என்றான் ரெனிஷ், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"மூணு. அது என்னலே சிரிப்பு? இரும்பத் தொறந்து போட்டுட்டுச் சாத்தான்குளம் போயிட்டாவ. மறந்துட்டாவபோலன்னு நெனச்சேன். வெறுமன விடணும்னா ஒரு சொல்லுச் சொல்லிட்டுப் போவ வேண்டாமா?"

"சொல்லியிருக்கணும்" என்றேன்.

"ஒரு துண்டுத் தாளு ஒட்டியிருந்தாக்கூடப் போதும்."

"ஒட்டியிருக்கணும்."

"அதான, இப்படிப் பட்டுப் பட்டுன்னு ஒத்துக்கிட்டா நான் எப்படிச் சண்டை போடுதது?" என்றாள். அண்ணாச்சி அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தார்.

காரணம் தெரிந்த பிறகு வேலை சுலபம். எஞ்சின் ஓடாதபோது கிளாம்ப் போல்ட்டின் மரை எங்கேயோ இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்திருக்கிறது. ஓடும்போது அதிர்வில் தொட்டும் விட்டும் முள்ளை ஆட்டியிருக்கிறது. கிளாம்பைக் கழற்றி, மூன்று கோட்டையும் சுரண்டி, இறுக்கி, ஓட்டினோம். முள் ஐந்தில் நின்றது. அண்ணாச்சி முழு அரை மணி நேரமும் ஓட்டச் சொன்னார். வேகத்தை ஏற்றினேன், இறக்கினேன். முள் அசையவில்லை. எனக்கு அந்த வட்டத்தை முத்தமிட்டால் தேவலை என்று இருந்தது.

இறங்கியபோது அண்ணாச்சி ரெனிஷுடைய பைக் சீட்டின் மேல் தாளை விரித்து, பேனாவைத் திறந்திருந்தார்.

"அண்ணாச்சி, ஒரு நிமிசம்" என்றாள் ஜெயஷீலா. "அந்த எடம் இப்ப வெறும் இரும்புதான?"

"ஆமாம்மா. அப்படித்தான் இருக்கணும்."

"துரு புடிச்சா?"

"கிளாம்ப் மூடிக்கிட்டு இருக்குல்லா. சீக்கிரத்துல புடிக்காது."

"எந்த ஊர்ல?"

அண்ணாச்சி பேனாவை மூடவில்லை. ஆனால் நிமிர்ந்து பார்த்தார்.

"ஓடுதளம் உள்நாட்டுலதான இருக்கு ஷீலா" என்றேன். "அங்க காத்துல உப்பு கெடையாது."

"அங்கனயே குடியிருக்கப் போவுதா? பறந்து முடிஞ்சா திரும்ப இங்கனதான வரும். ஆறு மாசமோ எட்டு மாசமோ, ஒரு நாள் நீங்க மேல இருக்கும்போது முள்ளு ஆடும். அது துருவா, நெசமாவே பெட்ரோல் இல்லையான்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எஞ்சின் சத்தம்..."

"முதல் தடவை பயந்து எறங்கிருவிய. பாத்தா துரு. ரெண்டாவது தடவையும் துரு. மூணாவது தடவை ஆடும்போது 'இந்தக் கழுத இப்படித்தான் ஆடும்'னு சொல்லிட்டு ஒங்க பாட்டுக்குப் போவிய. எனக்கு ஒங்களத் தெரியாதா? வீட்டுல காலிங்பெல் தானா அடிக்குதுன்னு ஒரு வருசமா யாரு வந்தாலும் கதவு தெறக்காத ஆளு."

ரெனிஷ், "அது நெசம்" என்றான்.

"நீ சும்மா இருலே."

அண்ணாச்சி தாடையைத் தடவினார். "அம்மா சொல்லுதது தப்பில்ல. ஆனா நான் பாக்கவேண்டியது இன்னைக்கு முள்ளு நிக்கிதா இல்லையான்னு. நிக்கி. கையெழுத்துப் போட எனக்குத் தடையில்ல." பிறகு என்னைப் பார்த்தார். "நீதான் தம்பி சொல்லணும். போடட்டுமா?"

பேனா முனை தாளிலிருந்து அரை விரல் உயரத்தில் இருந்தது. நான்கு வருடம் அந்த அரை விரலில் இருந்தது. தலையை ஆட்டினால் போதும். அடுத்த வாரம் இந்நேரம் நான் மேலே இருப்பேன். துருவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், லாரி போகுமுன் ஏதாவது செய்துகொள்ளலாம் என்றெல்லாம் மனம் சொல்லிக்கொண்டே இருந்தது. ஆனால் கையெழுத்து விழுந்த பிறகு அந்தச் சந்துக்குள் நான் மறுபடி கையை விடமாட்டேன் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. காலிங்பெல் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

"வேண்டாம் அண்ணாச்சி. மூடி வைங்க."

"நேரத்தப் பாத்துக்கிட்டியா? ஏதாவது மாத்தினா முதல்ல இருந்து அரை மணிநேரம் ஓட்டணும். அதுக்கு முன்னால எஞ்சின் ஆறணும். அஞ்சரைக்கு நான் கெளம்பியாகணும். அதுக்குள்ள முடியலன்னா என்கிட்ட வருத்தப்படக் கூடாது."

"படமாட்டேன்" என்றேன். அது பொய்.

செய்யவேண்டியதை அண்ணாச்சி முன்பே ஒரு துண்டு வயரால் காட்டியிருந்தார். சென்சாரின் உடம்பிலிருந்து நேராகப் பேட்டரி நெகட்டிவுக்கு நிரந்தரமாக ஒரு வயர். அப்புறம் தகட்டுச் சுவர் தொட்டால் என்ன, தொடாவிட்டால் என்ன. அதற்கு எத்தனை கோட் வேண்டுமானாலும் அடிக்கலாம். ஆனால் சாதாரணச் செம்பு வயர் இந்தக் காற்றில் உறைக்குள்ளேயே பச்சை பூத்துவிடும். விசைப்படகுகளுக்குப் போடுகிற, வெள்ளீயம் பூசிய வயர்தான் நிற்கும். அது ரெனிஷின் ஒர்க்‌ஷாப்பில் தீர்ந்துபோயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது.

"ஜெஸ்டின் அண்ணன் தன் படகுக்கு வாங்கி வச்சிருக்காவ" என்று சொல்லிவிட்டு ரெனிஷ் பைக்கை எடுத்தான். ஞாயிற்றுக்கிழமை படகுகள் கடலுக்குப் போவதில்லை; எல்லாரும் கரையில்தான் இருப்பார்கள். ஆனால் கரையில் எங்கே இருப்பார்கள் என்பது யாருக்கும் தெரியாது.

அண்ணாச்சி சாப்பிட்டுவிட்டு, கிட்டங்கிக்குள் சாக்கை விரித்துப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். நானும் ஜெயஷீலாவும் வெளியே நிழலில் உட்கார்ந்தோம். அவர்களுக்கெல்லாம் நெத்திலிக் குழம்பும் சோறும். எனக்குக் கேழ்வரகுக் களி.

"கோவமா?" என்றாள்.

"இல்ல."

"இல்லன்னு சொல்லுத மூஞ்சியப் பாரு."

களியைப் பிட்டுக் குழம்பில் தோய்த்தேன்.

"முடியாமப் போச்சுன்னா ஷீலா?"

"முடியும்."

"போச்சுன்னா?"

பள்ளிக்கூடத்தில் அவள் கணக்கு டீச்சர். விடை தெரியாமல் வாயைத் திறக்கமாட்டாள். "போச்சுன்னா வேற யாராச்சும் ஓட்டட்டும்" என்றாள் கடைசியில். "நீங்க பக்கத்துல உக்காந்து போங்க. ஒங்களுக்கு அது பத்தாதுன்னு எனக்குத் தெரியும். நெஞ்சு கெடந்து அடிச்சிக்கிடும், ஒரு வருசம் என்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேசமாட்டிய. அதுவும் தெரியும். எல்லாம் கூட்டிப் பாத்துட்டுத்தான் சொன்னேன். ஏறுத கணக்க நீங்க பாக்கிய. எறங்குத கணக்க யாராவது பாக்கணும்லா?"

அவள் தன் தட்டிலிருந்து நாலு நெத்திலியை எடுத்து என் களியின் மேல் வைத்தாள்.

"இதுல சர்க்கரை கெடையாது" என்றாள்.

ரெனிஷ் வந்து சேர மூன்றரைக்கு மேல் ஆகிவிட்டது. ஜெஸ்டினை வீட்டில் தேடி, படகில் தேடி, கடைசியில் ஒரு ஞானஸ்நான விருந்தில் பிடித்திருக்கிறான். வயரைத் தரவேண்டுமானால் முதலில் உட்கார்ந்து சாப்பிடவேண்டும் என்று அவர்கள் சொல்லிவிட்டார்களாம்.

"சாப்ட்டியா?" என்றேன் எரிச்சலாக.

"வேற வழி? ரெண்டு வாட்டி வச்சாவ" என்று சொல்லி வயரை நீட்டினான். கூடவே முனைக்குப் போடும் வளையங்களும், அதன் மேல் சூடாக்கி இறுக்கும் குழலும் கொண்டுவந்திருந்தான். பேச்சு எப்படி இருந்தாலும் அவன் வேலையில் ஒன்று விடமாட்டான்.

வளையத்தை வைத்து நசுக்கி, இழுத்துப் பார்த்து, கிளாம்பின் திருகுக்கு அடியில் சென்சாரின் உடம்போடு சேர்த்து இறுக்கினோம். மறு முனை பேட்டரி நெகட்டிவில். வயர் எதிலும் உரசாதபடி நடுவில் கட்டினோம். அண்ணாச்சி கண்ணாடியை விட்டுப் பார்த்தார். பிறகு யாரும் எதிர்பாராதபடி, "அதக் கழட்டு" என்றார்.

"எதை அண்ணாச்சி?"

"கிளாம்பச் சுவத்துல இருந்து கழட்டு. பழைய சைக்கிள் டியூப் துண்டு இருக்கா? கிளாம்புக்கும் சுவத்துக்கும் நடுவுல அத வச்சு, போல்ட்டுக்கும் ரப்பர் சுத்தி மாட்டு. சுவரு ஒரு பொட்டுக்கூடத் தொடக் கூடாது. வயரு மட்டும் தாங்குதான்னு நான் பாக்கணும். இல்லன்னா இந்த அம்மாவுக்கு யாரு பதில் சொல்லுதது?"

ஜெயஷீலா அவர் பக்கம் திரும்பி ஒருமுறை தலையசைத்தாள். நல்ல விடை எழுதிய பிள்ளைக்கு அவள் அசைக்கிற தலை.

ரப்பர் வைத்து மாட்டி முடித்தபோது நாலரை. எஞ்சின் ஆறியிருந்தது. நான் இடதுபக்கம் ஏறினேன். அண்ணாச்சி வெளியே நின்று குழாயையும் மூட்டுகளையும் பார்க்கவேண்டும், ரெனிஷ் தீயணைப்பு டப்பாவோடு நிற்கவேண்டும். முள்ளை விடாமல் பார்த்து உரக்கச் சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டது.

"நீங்க ஏறுங்கம்மா" என்றார் அண்ணாச்சி.

அவள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, இறக்கையில் எங்கே கால் வைக்கலாம் என்று கேட்டு, அங்கே மட்டும் வைத்து ஏறினாள். பெல்ட்டை மாட்டிவிட்டேன். எஞ்சின் பிடித்தது.

"அஞ்சு" என்றாள். வேகத்தை ஏற்றினேன். "அஞ்சு." இன்னும் ஏற்றினேன். வால்கயிறு விறைத்தது, விமானம் முழுவதும் நடுங்கியது. "அஞ்சுக்கு ஒரு மயிரிழை கீழ. இல்ல, அஞ்சு." வருகைப் பதிவு எடுக்கிற குரலில் சொல்லிக்கொண்டே இருந்தாள். இறக்கினேன். "அஞ்சு." பத்து நிமிடம் போன பிறகுதான் என் தோள் கீழே இறங்கியது. முள்ளைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவள் சொல்வதைக் கேட்க ஆரம்பித்தேன். அதுவே போதுமாக இருந்தது.

அரை மணி முடிந்ததும் அண்ணாச்சி முன்னால் வந்து, அணைக்கச் சொல்லிச் சைகை காட்டினார். நான் கையை நகர்த்தினேன். ஜெயஷீலா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"என்ன? ஆடுதா?" என்று கத்தினேன்.

"ஆடல."

"பெறவு?"

"ஒரு அஞ்சு நிமிசம் ஓடட்டும்."

அண்ணாச்சி கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். நான் தோளைக் குலுக்கி அவளைக் காட்டினேன். அவர் ஒரு கணம் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, காற்று அடிக்காத பக்கமாகப் போய், பைக் சீட்டின் மேல் தாளை வைத்து, ரெனிஷ் அதன் இரண்டு ஓரத்தையும் அழுத்திப் பிடிக்க, குனிந்து கையெழுத்துப் போட்டார். அதை நான் பார்த்தேன். அவள் பார்க்கவில்லை. சுழலும் விசிறிக்கு அப்பால் உப்பளம் முழுவதும் வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. முள்ளையும் விட்டுவிட்டு, அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னுங் கொஞ்சம் வேகமா வைக்க முடியுமா?" என்றாள்.

வைத்தேன்.